ஒரு தோழி போதும்

அன்புள்ள அக்கா,

கணவரின் இடமாற்றத்தால் மட்டக்களப்பிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்துவிட்டோம். மகள் தரம் 10. வகுப்பில் ஒருநாள் இயல்பாக "மறுகா" என்று, "பிறகு" என்பதற்கு எங்கள் ஊரில் சொல்வதுபோல, சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அதுவே அவளுக்குப் பட்டப்பெயர். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவளை மட்டும் சேர்க்கவில்லை. இடைவேளையில் தனியே இருந்து சாப்பிடுகிறாள். ஒரே வேனில் வரும் அமைதியான பிள்ளை ஒருத்தி மட்டும் கொஞ்சம் பேசுவாளாம். "சாதாரண தரப் பரீட்சை வருகிறது, இதெல்லாம் சின்ன விடயம்" என்று சொன்னேன். அழுகை கூடியதுதான் மிச்சம். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதையும் வீட்டுக்கு அழைத்து அந்தக் குழுவோடு சேர்த்துவிடலாமா? அல்லது பாடசாலையை மாற்றுவதா?

வெள்ளவத்தை வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

இது சின்ன விடயம் அல்ல. கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் கணினியில் ஒரு பந்து விளையாட்டை உருவாக்கினார். மூவர் பந்தை மாறி மாறி எறிகிறார்கள். சற்று நேரத்தில் இருவர் தங்களுக்குள் மட்டும் எறிந்துகொள்ள, மூன்றாமவருக்குப் பந்து வருவதே இல்லை. பணயம் இல்லை, பரிசு இல்லை, மற்றவர்களின் முகம்கூடத் தெரியாது. ஆனாலும் சில நிமிடங்களிலேயே மனம் வாடிவிடுகிறது. எதிரே ஆடுவது வெறும் கணினிதான் என்று முன்கூட்டியே சொன்னாலும் வலிக்கிறது என்பதை 2004 இல் அவரும் சகாக்களும் காட்டினார்கள். இயந்திரம் ஒதுக்கினாலே அப்படியென்றால், தினமும் ஆறு மணிநேரம் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் ஒதுக்கினால்? பரீட்சையைக் காட்டி அந்த அழுகையை அடக்காதீர்கள்.

பிறந்தநாள் யோசனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வகுப்பில் செல்வாக்கோடு இருப்பதும் விரும்பப்படுவதும் ஒன்றல்ல என்பதைப் பதின்ம வயதினரின் நட்பை ஆராய்பவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். யாருக்குச் செல்வாக்கு என்று கேட்டால் ஒரு பெயர் வரும். யாரோடு இருக்கப் பிடிக்கும் என்று கேட்டால் பல வேளைகளில் வேறு பெயர் வரும். அந்தக் குழுவை விருந்து வைத்து வென்றெடுக்கப் பார்த்தால், உங்கள் மகள் அவர்களுடைய தயவை எதிர்பார்த்தே நாளைக் கழிக்கப் பழகிவிடுவாள்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த வேன் பிள்ளைதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறாள். கனடாவில் பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளிடம் செய்யப்பட்டு 1999 இல் வெளியான ஓர் ஆய்வு, உற்ற நண்பர் ஒருவர் இருந்த பிள்ளைகளைத் துன்புறுத்தல் அவ்வளவு ஆழமாகப் பாதிக்கவில்லை என்று காட்டியது. உங்கள் மகள் வயதில் மூத்தவள்தான். ஆனாலும் அதை நான் நம்புகிறேன். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனையும் இதற்குத் துணை. கோடுகளின் நீளத்தைப் பற்றி எல்லோரும் வேண்டுமென்றே பிழையாகச் சொல்ல, தனியே அகப்பட்டவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை அதற்கு உடன்பட்டார். சரியாகச் சொல்ல இன்னும் ஒரே ஒருவர் இருந்தபோது அந்த உடன்பாடு வெகுவாகக் குறைந்தது. "மறுகா" என்று சிரிக்கும் பிள்ளைகளில் பலர் தனித்துவிடப் பயந்தே சேர்ந்து சிரிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பக்கத்தில் ஒருத்தி இருந்தால் உங்கள் மகள் தன் ஊர்ப் பேச்சை விழுங்க வேண்டியதில்லை.

அதனால் அந்த ஒருத்தியை மட்டும் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அழையுங்கள். சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு விலகிவிடுங்கள். இருவரும் ஒரே தனியார் கணித வகுப்புக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது. அடிக்கடி அருகருகே இருப்பவர்களிடையேதான் நட்பு எளிதாக முளைக்கிறது. மாலைதோறும் "இன்றைக்கும் உன்னைச் சேர்க்கவில்லையா?" என்று விசாரிக்காதீர்கள். ஒரே துயரத்தை ஓயாமல் பேசுவது பேசுபவர்களின் நெருக்கத்தைக் கூட்டினாலும் சோர்வையும் கூட்டுகிறது என்று உளவியலாளர் அமண்டா ரோஸ் 2002 இல் எழுதினார். அவள் தானாகச் சொன்னால் முழுவதையும் கேளுங்கள்.

வகுப்பாசிரியரைத் தனியே சந்தித்து, குழுவேலைகளில் இருவரையும் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். வகுப்பின் முன்னால் மற்றவர்களைக் கண்டிக்க மட்டும் கேட்காதீர்கள்; அதன் பலன் உங்கள் மகள் தலையில்தான் விழும். மிரட்டலோ, படங்களைப் பரப்புவதோ தொடங்கினால் அது வேறு கதை. அப்போது காத்திருக்காமல் அதிபரிடம் போங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கும் அழையுங்கள்.

பாடசாலையை இப்போது மாற்ற வேண்டாம். மாற்றினால் பேசுகிற அந்த ஒருத்தியையும் இழந்து, இன்னொரு வகுப்பில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.