பழைய ஆண்ட்ராய்டு போனை வெப்கேமாக வைத்து ஆன்லைன் டியூஷன் எடுக்க முடியுமா?

லேப்டாப் கேமரா முன்னால் நோட்டைப் பிடித்தால் எழுத்து தெரிவதில்லை, வீட்டில் சும்மா கிடக்கும் போன் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக உதவும். நானும் ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன்தான். பழைய போன் ஒன்றுதான் எனக்குக் கேமரா.

பெரும்பாலான லேப்டாப் கேமராக்களுக்குத் தானாக ஃபோகஸ் மாற்றத் தெரியாது. நாம் உட்காரும் தூரத்தில் முகம் தெரியும்படி நிலையாக வைத்திருப்பார்கள். அதனால்தான் நோட்டைப் பக்கத்தில் கொண்டுபோனால் எழுத்து கலங்கிப் போகிறது. போனின் பின்பக்கக் கேமராவுக்கு ஆட்டோஃபோகஸ் உண்டு. மெகாபிக்சல் கணக்கை விடுங்கள், உங்கள் வேலைக்கு ஃபோகஸ்தான் முக்கியம். செல்ஃபி கேமரா வேண்டாம், பல போன்களில் அதுவும் நிலை ஃபோகஸ்தான்.

ட்ராய்ட்கேம், ஐரியன் போன்ற ஆப்களில் ஒன்றைப் போனிலும், அதற்கான மென்பொருளைக் கணினியிலும் போட வேண்டும். அப்புறம் ஜூம், மீட் அமைப்பில் கேமராப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சரி. இலவசப் பதிப்பில் எழுத்து தெளிவாக வருகிறதா என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் காசு கட்டுங்கள். கூகுளின் பிக்சல் 6 அல்லது அதற்குப் பிந்தைய பிக்சல் போனில் ஆண்ட்ராய்டு 14 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆப்பே வேண்டாம். கேபிளைச் செருகியதும் யூஎஸ்பி அமைப்பில் 'வெப்கேம்' என்றே ஒரு தேர்வு வரும். ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்கு 2022-இல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுராவிலிருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

வைஃபையிலும் இணைக்கலாம். ஆனால் வகுப்பு எடுக்கக் கேபிள்தான் நல்லது. வைஃபையில் படம் பின்தங்கினால், நீங்கள் அடுத்த வரிக்கு வந்துவிட்ட பிறகும் பிள்ளைகள் முந்தின வரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆண்ட்ராய்டில் ட்ராய்ட்கேமைக் கேபிள் வழியாக இணைக்க 'யூஎஸ்பி டீபக்கிங்' (கேபிள் வழியாகக் கணினி போனை இயக்க விடும் அமைப்பு) போட வேண்டும். அமைப்புகளில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதற்குள் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் அதை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

போனை நோட்டுக்கு நேர் மேலே, கீழே பார்த்தபடி மாட்டுங்கள். மேசையில் கவ்விப் பிடிக்கும் வளையும் ஸ்டாண்டு போதும். கொஞ்சம் கனமாக இருந்தால்தான் எழுதும்போது ஆடாது. கை குறுக்கே வரும்போதெல்லாம் கேமரா புதிதாக ஃபோகஸ் தேடும், படம் மங்கித் தெளியும். பார்க்கிற பிள்ளைக்கு அது பெரிய எரிச்சல். தாளில் ஒருமுறை ஃபோகஸ் செய்துவிட்டு ஆப்பில் அதைப் பூட்டிவிடுங்கள்.

வெள்ளைத் தாள் முழுத் திரையையும் அடைத்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் கேமரா படத்தை இருட்டாக்கும். தாள் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் ஆப்பில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) கொஞ்சம் ஏற்றுங்கள். வலது கையால் எழுதுபவர் என்றால் விளக்கை இடது பக்கம் வையுங்கள், கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. மெல்லிய பென்சிலை விடத் தடித்த ஜெல் பேனா நல்லது.

உங்கள் திரையில் எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஜூம் நமக்கு மட்டும் கண்ணாடிப் பிம்பத்தைக் காட்டும், பிள்ளைகளுக்குச் சரியாகவே போகும். அதைச் சரிசெய்வதாக நினைத்துப் போன் ஆப்பில் 'மிரர்' போட்டால்தான் அவர்களுக்குத் திரும்பித் தெரியும்.

ஒலிக்கு இந்தப் போனின் மைக் வேண்டாம், கணினியில் இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள். போன் சூடேறும், அதனால் உறையைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். பழைய போன் என்பதால் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள்: பின்மூடி சற்றே உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அந்தப் போனைச் சார்ஜிலேயே போடாதீர்கள், வேறு போன் தேடுங்கள்.