கேள்வி-பதில்: தனியாக மலைநடைக்குப் புறப்படுகிறவர்களின் கடிதங்கள்

கேள்வி: கொழும்புக் கடையொன்றில் பெட்டி பிரிக்காத மலையேற்றச் சப்பாத்தைப் பாதி விலைக்கு வாங்கினேன். நேபாளத்தின் லங்டாங் பள்ளத்தாக்கில் இரண்டாம் நாளே இரண்டு அடிப்பாகங்களும் கழன்றுவிட்டன. நான் கண்டபடி பாவித்ததுதான் காரணம் என்கிறார் கடைக்காரர். (உவர்மலை)

பதில்: உங்கள் நடையில் ஒரு குறையும் இல்லை. இத்தகைய சப்பாத்துகள் பலவற்றில் பாதத்துக்கும் ரப்பர் அடிக்கும் இடையே இருக்கும் மெத்தை பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையால் ஆனது. காற்றிலுள்ள ஈரத்தால் அந்த நுரை உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கும். சப்பாத்தை ஒருவரும் காலில் போடாவிட்டாலும் அது நிற்பதில்லை. வெக்கையும் ஈரமும் நிறைந்த எங்கள் நாட்டுக் களஞ்சியங்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த சப்பாத்து, தோல் மினுங்கப் புத்தம் புதிதாகத்தான் தோன்றும். ஆனால் மெத்தையின் ஓரத்தைப் பெருவிரலால் அழுத்தினால் மயிரிழை வெடிப்புகள் தெரியும், முற்றியிருந்தால் நுரை தூளாக உதிரும். வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள். சப்பாத்து நாக்கின் (கயிறு கட்டும் இடத்துக்குக் கீழுள்ள மடிப்பின்) உட்புறச் சிட்டையில் உற்பத்தி மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருந்தால் அதையும் வாசியுங்கள். அந்தச் சிட்டை வெட்டப்பட்டிருந்தால் வாங்க வேண்டாம். பழைய இருப்பைப் பழையது என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. சொல்லாமல் விற்று, அடி கழன்றதும் பழியை வாங்கியவர் தலையில் போடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. புதியது என்று எனக்கு விற்கப்பட்ட மழையங்கியின் உட்பூச்சு முதல் மாரியிலேயே பிசுபிசுத்து உரிந்து சட்டையில் ஒட்டியது. அதுவும் பொலியூரித்தேன்தான், அப்போதும் இதே பதில்தான் கிடைத்தது. பற்றுச்சீட்டு, பெட்டி, கழன்ற அடிப்பாகங்கள் ஆகியவற்றை எறிந்துவிடாமல் வைத்துக்கொண்டு, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும் என்பதால் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் போதுமா? (தம்பலகாமம்)

பதில்: போதாது. வியர்வையில் நனைந்த பருத்தி குளிரில் இலகுவில் காயாது. உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை வாங்குங்கள்.

கேள்வி: அன்னபூர்ணாப் பகுதிக்குத் தனியாகப் போவதற்கு, முகநூலில் அறிமுகமான முகவர் விசாக் கட்டணம், 3000 நேபாள ரூபாய் பூங்கா அனுமதி, 2000 ரூபாய் நடைப்பயண அட்டை என்று பணம் வாங்கிவிட்டார். வழிகாட்டி தேவையில்லை என்றும் சொல்கிறார். (நிலாவெளி)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், மனம் வருந்துகிறேன். இலங்கை சார்க் நாடு என்பதால் பூங்கா அனுமதி என்று நீங்கள் எழுதியிருக்கும் அன்னபூர்ணாப் பாதுகாப்புப் பகுதி அனுமதி உங்களுக்கு 1000 ரூபாய், நடைப்பயண அட்டையும் 1000 ரூபாய். அவர் அறவிட்டிருப்பது மற்ற வெளிநாட்டவருக்கான தொகை. ஆண்டின் முதற் பயணத்தில் எங்களுக்கு 30 நாள் விசா இலவசம். அத்துடன் 2023 ஏப்ரல் 1 முதல், அந்தப் பகுதி உட்படப் பல பாதைகளில் வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும் என்பது நேபாளச் சுற்றுலாச் சபையின் விதி. பணம் அனுப்பிய வங்கிச் சீட்டையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல், மிகுதிப் பணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் பொலிஸில் முறையிடுங்கள்.

கேள்வி: சுவிற்சர்லாந்தில் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் நீர்வீழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு அலெட்ச் பனியாற்றின் மேல் தனியாக நடக்கப் போகிறேன். விசாவுக்காக எடுத்த, ஆகக் குறைந்த காப்புறுதி இருக்கிறது. அது போதும்தானே? (திருகோணமலை நகர்)

பதில்: பத்திரத்தை வாசித்தீர்களா? வாசித்திருந்தால் இந்தக் கடிதம் வந்திராது. ஷெங்கன் விசாவுக்கான காப்புறுதி குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும் என்பது தூதரகத்தின் நிபந்தனை. மலைச் செயற்பாடுகளை அது ஏற்குமா, எத்தனை மீற்றர் உயரம் வரை ஏற்கும், ஹெலிகொப்டர் மீட்புக்குப் பணம் தருமா என்பவை உங்கள் பத்திரத்தின் விலக்குகள் என்ற பகுதியில் இருக்கும். இந்த மூன்றுக்கும் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள். 297 மீற்றர் உயரத்திலிருந்து விழும் ஸ்டவுப்பாக் நீர்வீழ்ச்சியையும், மலைக்குள்ளேயே பனியாற்று நீர் இரைந்து இறங்கும் ட்றும்மெல்பாக்கையும் தனியாகவே பார்க்கலாம். ஆனால் பனியாற்றின் மேல் தனியாகக் கால் வைக்கக் கூடாது. ஆழமான வெடிப்புகளைப் புதுப்பனி மூடியிருக்கும். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றுவது கயிற்றின் மறுமுனையில் நிற்கும் ஆள்தான். ஆகவே வழிகாட்டிக்குப் பணம் ஒதுக்குங்கள்.

கேள்வி: 50,000 மில்லியம்பியர் பவர் பாங்க் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (மூதூர்)

பதில்: வேண்டாம். குறித்த அளவு உண்மையென்றால் அது ஏறத்தாழ 185 வாற்மணி (மின்கலத்தில் அடங்கும் சக்தியின் அளவு), அவ்வளவு பெரியதை விமானத்தில் விடமாட்டார்கள். பொய்யென்றால் உங்கள் காசு வீண். 20,000 உள்ளதை வாங்கிக் கைப்பையில் வையுங்கள்.

கேள்வி: செய்மதி வழியாக அவசரச் செய்தி அனுப்பும் கருவியொன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். டெல்லி வழியாகக் காத்மண்டு போகிறேன். (கிண்ணியா)

பதில்: தனியாக நடப்பவருக்கு இது நல்ல பொருள்தான். ஆனால் அனுமதியின்றிச் செய்மதித் தொடர்புக் கருவி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகள் கைதாகியிருக்கிறார்கள். ஆகவே இந்தியாவைத் தொடாத விமானத்தில் போங்கள், அல்லது கருவியை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். பழைய கருவி முந்திய உரிமையாளரின் கணக்கிலிருந்து விடுவிக்கப்பட்டதா என்பதையும் விற்றவரிடம் இப்போதே கேளுங்கள். விடுவிக்காவிட்டால் உங்கள் பெயரில் சந்தா எடுக்க முடியாது, சந்தா இல்லாமல் அது செய்தி அனுப்பாது.