லிம்ஸா, லிம்’ஸா, லிம்ஸ்’ஸா? பெயரோடு ஒட்டும் அந்தச் சிறு குறி: கேள்வி பதில்

கதவுப் பலகை, கல்யாணப் பத்திரிகை, தீபாவளி வாழ்த்தட்டை ஆகியவற்றில் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது சிங்கப்பூர் வாசகர்களுக்கு எழும் சந்தேகங்கள் இங்கே. பதிலுக்குள் போகுமுன் ஓர் ஏற்பாடு. ஆங்கிலப் பெயர்களைத் தமிழ் எழுத்தில்தான் தரப்போகிறேன். ‘லிம்ஸ்’ என்று மேற்கோளுக்குள் வந்தால் குழம்பும் என்பதால் மேற்கோள் போடாமல் எழுதுகிறேன். லிம்ஸ் என்றால் பெயரோடு வெறும் எஸ். லிம்’ஸ் என்றால் எஸ்ஸுக்கு முன்னால் அப்பாஸ்ட்ரஃபி என்ற அந்தச் சிறு குறி. லிம்ஸ்’ என்றால் எஸ்ஸுக்குப் பின்னால்.

ஈசூனிலிருந்து: அக்கா, எங்க புளோக்ல ஒரு வீட்டுக் கதவுல த லிம்’ஸ் னு பலகை மாட்டியிருக்காங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கு. சரியா?

தவறு. த லிம்ஸ் என்று இருக்க வேண்டும்.

சோதனையைத் தமிழிலேயே செய்யலாம். சொல்ல வந்தது “லிம் வீட்டார்” என்றால் அது வெறும் பன்மை. குறி வேண்டாம், எஸ் மட்டும் போதும். “லிம் வீட்டாருடைய கார்” என்றால் லிம்ஸ்’. “லிம்முடைய கார்”, அதாவது ஒரே ஒருவருடையது என்றால் லிம்’ஸ். தமிழில் பன்மைக்கு ‘கள்’, ‘ஆர்’. உடைமைக்கு ‘உடைய’, ‘இன்’. இரண்டும் காதுக்கே வேறு வேறு. ஆங்கிலத்தில் இரண்டு வேலையையும் ஒரே எஸ் ஒலி செய்கிறது. காதுக்குத் தெரியாத வேறுபாட்டைக் கண்ணுக்குக் காட்டத்தான் அந்தக் குறி. ஆகவே கையில் பேனாவை எடுக்குமுன் ‘உடைய’ வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் குறியைத் தொடாதீர்கள்.

பலகைக்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: “லிம் வீட்டாருடைய வீடு என்று பொருள் கொள்ளலாமே?” கொள்ளலாம். அப்போதும் த லிம்ஸ்’ என்றுதான் வரும், லிம்’ஸ் வராது.

தெம்பனிஸிலிருந்து: எங்க பேர் தாஸ். ஏற்கெனவே எஸ்ஸில் முடியுது. வாழ்த்தட்டையில் என்ன போடுறது?

எஸ், எக்ஸ், இஸட், எஸ்ஹெச், சிஹெச் ஆகியவற்றில் முடியும் பெயருக்குப் பன்மையில் இ-எஸ் சேரும். தாஸ் வீட்டார் த தாஸிஸ். தாமஸ் வீட்டார் த தாமஸிஸ். ஃபீலிக்ஸ், அஸீஸ் எல்லாம் இதே வழி. நம்மில் இன்னொரு பெரிய கூட்டம் இருக்கிறது: கணேஷ், சுரேஷ், ரமேஷ், பிரகாஷ். இவை எஸ்ஹெச்சில் முடிவதால் இவற்றுக்கும் இ-எஸ் உண்டு. சிஹெச் ‘க்’ என்று ஒலித்தால் மட்டும் விலக்கு. பாக் என்ற ஜெர்மானியப் பெயருக்கு வெறும் எஸ்தான்.

உடைமையில் இந்த ‘இ’ வராது. கணேஷ் ஒருவருடைய வீடு கணேஷ்’ஸ். பெயரைத் தொடாமல் குறியும் எஸ்ஸும் மட்டும். தாஸ் ஒருவருடையது என்றால் இரண்டு பழக்கம் உண்டு. சிகாகோ நடைக் கையேடு தாஸ் என்பதற்குப் பின் குறி போட்டு இன்னொரு எஸ்ஸும் எழுதச் சொல்கிறது. ஏபி செய்தி நிறுவனத்தின் நடையில் எஸ்ஸில் முடியும் பெயருக்குக் குறி மட்டும். இரண்டும் ஏற்றவையே, ஒரே அட்டையில் இரண்டையும் கலப்பதுதான் அசிங்கம். வாயால் சொல்லும்போது எஸ் ஒலியை இன்னொரு முறை சொல்கிறோம் என்பதால் நான் முதலாவதைப் பரிந்துரைப்பேன்.

தாஸ் வீட்டார் அனைவருடையதும் என்றால் முதலில் இ-எஸ் சேர்த்துப் பன்மையாக்கி, கடைசியில் குறி: தாஸிஸ்’. இந்த வரிசை முக்கியம். பன்மை முதலில், குறி பிறகு. வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் தாஸ் என்ற பெயரின் நடுவே, எஸ்ஸுக்கு முன்னால், குறி புகுந்து பெயரையே ‘தா’ ஆக்கிவிடுகிறது.

ஜூரோங்கிலிருந்து: மூர்த்தி, ரெட்டி மாதிரி வை எழுத்தில் முடிஞ்சா?

பெயரின் எழுத்து மாறாது. வையை எடுத்துவிட்டு ஐ-இ-எஸ் போடும் விதி சாதாரணச் சொற்களுக்கு. மூர்த்தி வீட்டார், வை அப்படியே இருக்க, பக்கத்தில் எஸ்.

செங்காங்கிலிருந்து: இதெல்லாம் லிம், டானுக்குச் சரி. நமக்குக் குடும்பப் பெயரே இல்லையே, அக்கா. என் அடையாள அட்டையில் ராஜு எஸ்/ஓ முத்து. நாங்க த முத்துஸா, த ராஜுஸா?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஆங்கில இலக்கணப் புத்தகம் எதுவும் உங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல.

எஸ்/ஓ என்றால் ‘இன்னாரின் மகன்’. அதற்குப் பின்னால் வருவது உங்கள் அப்பாவின் பெயர்; வழிவழியாக வரும் குடும்பப் பெயரல்ல. உங்கள் மகன் குமார் எஸ்/ஓ ராஜு ஆவான். உங்கள் மனைவியின் அட்டையில் டி/ஓவுக்குப் பின் அவருடைய அப்பா பெயர் இருக்கும். ஒரே வீட்டில் மூன்று ‘கடைசிப் பெயர்கள்’. த முத்துஸ் என்று பலகை மாட்டினால் அது உங்கள் அப்பாவின் வீடு, நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் சேர்ந்த கூட்டம் என்றுதான் பொருள்படும். மனைவி மக்களோடு இருக்கும் உங்கள் வீட்டுக்கு த ராஜுஸ் பொருத்தம். உங்கள் பிள்ளைகளுக்கு ராஜுதான் பின்பெயர்.

இதைவிடப் பாதுகாப்பானது த ராஜு ஃபேமிலி. இங்கே ராஜு என்பது பெயரடை போல நிற்கிறது. எஸ்ஸும் வேண்டாம், குறியும் வேண்டாம். த ராஜு’ஸ் ஃபேமிலி என்று எழுதுவதுதான் நான் அதிகம் திருத்தும் வரி. ‘த’வை எடுத்துவிட்டு ராஜு’ஸ் ஃபேமிலி என்றால் சரியாகிவிடும், “ராஜுவின் குடும்பம்” என்ற பொருளில். ‘த’வும் வேண்டும், ’ஸும் வேண்டும் என்றால் நடக்காது.

இனிஷியல் போடுபவர்களுக்கும் இதே கணக்கு. தேசியப் பற்றுறுதியின் வாசகத்தை 1966ல் வரைந்த எஸ். ராஜரத்தினத்தின் ‘எஸ்’, தந்தையின் பெயரான சின்னத்தம்பி. உடைமைக் குறி ராஜரத்தினம் என்பதில்தான் ஏறும். சீனர்களுக்கு நேர்மாறு, குடும்பப் பெயர் முதலில். லீ குவான் இயூ வீட்டார் த லீஸ். த இயூஸ் என்று எழுதினால் சிரிப்பார்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: ராஜு எஸ்/ஓ முத்துவுடைய கடப்பிதழ்னு ஒரு கடிதத்தில் எழுதணும். குறி எங்கே?

இலக்கணப்படி தொடரின் கடைசியில், முத்து’ஸ் என்று வரலாம். ஆனால் படிப்பவர் அது முத்துவுடைய கடப்பிதழ் என்று நினைக்க இடமுண்டு. அதிகாரபூர்வக் கடிதத்தில் அந்த ஆபத்து தேவையில்லை. ‘ஆஃப்’ போட்டு, கடப்பிதழை முன்னாலும் முழுப் பெயரைப் பின்னாலும் எழுதுங்கள். அடுத்த வரியிலிருந்து மிஸ்டர் ராஜு’ஸ் போதும். மிஸ்டர் முத்து என்று எழுதாதீர்கள், அது அப்பா.

பிடோக்கிலிருந்து: என் மகள் கட்டுரையில் “முருகன் ஹவுஸ்”, “டீச்சர் புக்” னு குறியே இல்லாமல் எழுதுறா. ஏன்?

தமிழில் யோசிக்கிறாள், அவ்வளவுதான். “முருகன் வீடு”, “டீச்சர் புத்தகம்” என்று உருபை விட்டுச் சொல்வது தமிழில் பிழையே இல்லை. ஆறாம் வேற்றுமைத் தொகை. ஆங்கிலத்தில் ஆள் பெயருக்கு அப்படித் தொகுக்க முடியாது. “முருகனுடைய வீடு” என்று விரித்துச் சொல்லிவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

தோ பாயோவிலிருந்து: கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகுது. குமார், மீனா. யார் பெயரில் குறி?

இருவருக்கும் ஒரே கல்யாணம், ஆகவே ஒரே குறி, இரண்டாவது பெயரில்: குமார் அண்ட் மீனா’ஸ் வெட்டிங். இருவரின் கடப்பிதழ்கள் போலத் தனித்தனிப் பொருள் என்றால் இரண்டு பெயரிலும் குறி. மணமகனே எழுதுவதானால் மீனா அண்ட் ஐ’ஸ் என்று எக்காரணம் கொண்டும் வேண்டாம். ‘அவர்’ என்ற ஆங்கிலச் சொல் போதும், எங்களுடைய என்ற பொருளில். லிம் வீட்டாரும் நாதன் வீட்டாரும் அழைக்கிறார்கள் என்ற வரியில் இரண்டு எஸ் உண்டு, குறி ஒன்றுகூட இல்லை.

அச்சக மாதிரியில் இன்னொன்றையும் பாருங்கள். அலங்கார எழுத்துருக்கள் சிலவற்றில் இந்தக் குறியே இருக்காது. கணினி வேறோர் எழுத்துருவிலிருந்து இரவல் வாங்கும், குறி மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் வந்தால் எஸ் பெயரின் பகுதியா பன்மையா என்பது தெரியாது. அங்கெல்லாம் ஃபேமிலி போட்டுவிடுவது மேல்.

பொங்கோலிலிருந்து: கணினியில் எந்தக் குறி சரி? நேரா ஒண்ணு, வளைஞ்சது ரெண்டு, சாய்ஞ்சது ஒண்ணு இருக்கே.

சரியானது 9 வடிவில் வளைந்தது. விண்டோஸில் எண்பலகை இருந்தால் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு 0146. மேக்கில் ஆப்ஷன், ஷிஃப்ட், வலது சதுர அடைப்புக்குறி. மின்னஞ்சலில் நேரான குறி போதும். 1 விசைக்கு இடப்பக்கம் இருக்கும் சாய்ந்த குறி இதுவல்ல. சொல்லின் தொடக்கத்தில் வந்தால் வேர்ட் ஏமாந்துபோய் 6 வடிவைப் போடும். ’65 என்று ஆண்டைச் சுருக்கி எழுதும்போது, குறியை இரண்டு முறை தட்டி முதலாவதை அழியுங்கள்.

கத்தோங்கிலிருந்து: எங்க சம்பந்தி வீட்டுப் பெயர் டி’சூசா. பெயருக்குள்ளேயே குறி. அதோடு இன்னொண்ணா?

ஆமாம், தயங்க வேண்டாம். பன்மைக்கு எஸ் மட்டும்: த டி’சூசாஸ். ஒருவருடையதானால் இரண்டாவது குறி தாராளமாக வரும். உள்ளே இருப்பது பெயரின் எழுத்துப் போல. அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் மட்டும் அது மறைந்துவிடும். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி குறி நீக்கப்பட்டு, இடைவெளி விடாமல் எழுத்துகள் சேர்க்கப்படும். அதைப் பார்த்துப் பெயர் தவறாகிவிட்டது என்று பதற வேண்டாம்.

தேக்காவிலிருந்து: ராஃபிள்ஸ் ஹோட்டலுக்கு ஏன் குறி இல்லை?

ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸின் பெயரிலேயே எஸ் இருக்கிறது. அது உடைமையும் அல்ல, பன்மையும் அல்ல. ராஃபிள்ஸ் கேர்ல்ஸ்’ ஸ்கூல் என்ற பெயரில் இரண்டு எஸ்ஸையும் பாருங்கள்: ராஃபிள்ஸில் குறி இல்லை, பெண்கள் பலர் என்பதால் அடுத்த சொல்லில் எஸ்ஸுக்குப் பின் குறி. ஆசிரியர் தினமும் அப்படித்தான், எஸ்ஸுக்குப் பின். சிறுவர் தினத்தில் மட்டும் முன்னால் வரும். சில்ட்ரன் எஸ் இல்லாமலே பன்மை. உங்கள் பேட்டையிலேயே முத்து’ஸ் கறி என்ற உணவகம் இருக்கிறது. முத்துவுடைய கறி, குறி சரியான இடத்தில்.

அங் மோ கியோவிலிருந்து: புது மினிமார்ட்டுக்கு ராஜு’ஸ் னு பெயர். இணைய முகவரியிலும் குறி வருமா?

வராது. இணையப் பெயரில் எழுத்து, எண், இணைப்புக்கோடு மட்டும்தான். முகவரியில் ஒட்டி எழுதுங்கள், பலகையில் குறியை விடாதீர்கள். உள்ளே விலைச்சீட்டில் டொமேட்டோ’ஸ் என்று எழுதப் பையனை மட்டும் விடாதீர்கள்.