ஒரு சர்வர் திணறுகிறது, இரண்டு சும்மா நிற்கின்றன: என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஆன்லைன் பயிற்சித் தளம் பிஎச்பியில் எழுதியது. மூன்று சர்வர்களில் ஓடுகிறது, முன்னால், வருகிற கோரிக்கைகளைப் பிரித்து அனுப்ப என்ஜின்எக்ஸ் லோட் பேலன்சர் இருக்கிறது. பயனர்கள் அடிக்கடி லாக்அவுட் ஆனதால் ஹோஸ்டிங்காரர், ஒருவரை எப்போதும் ஒரே சர்வருக்கே அனுப்பும் ‘ஸ்டிக்கி’ போட்டுக் கொடுத்தார். லாக்அவுட் நின்றது. ஆனால் இப்போது முதல் சர்வரின் சிபியு மட்டும் 95 சதவீதத்தில் நிற்கிறது. பலர் ஒரே நேரத்தில் சான்றிதழ் பிடிஎஃப் எடுத்தால் தளமே 502 பிழை (பின்னாலுள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் இல்லை) காட்டுகிறது. ஹோஸ்டிங்காரர் நான்காவதாக ஒரு பெரிய சர்வரை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு சர்வர் வேலையில்லாமல் நிற்கும்போது நான்காவது எதற்கு? மூன்றும் சேர்ந்தாற்போல் 60 சதவீதத்தைத் தாண்டினால் அப்போது யோசிக்கலாம். ஏனென்றால் ஒன்று விழுந்தால் மீதி இரண்டும் 90-க்குப் போய்விடும்.

அவர் போட்ட ‘ஸ்டிக்கி’ அநேகமாக ஐபி ஹாஷ் என்ற ஒரே ஒரு வரிதான். வருகிறவரின் ஐபிவி4 முகவரியில் முதல் மூன்று எண்களை மட்டும் பார்த்து, இவர் இந்த சர்வருக்கு என்று அது முடிவு செய்யும். ஒரே கல்லூரி, ஒரே அலுவலகம், ஒரே மொபைல் நெட்வொர்க்கின் பொது முகவரி என்று வருபவர்கள் எல்லாரும் ஒரே சர்வரில் போய் விழுவார்கள். முன்னால் சிடிஎன் (பக்கங்களைப் பல ஊர்களிலிருந்து பரிமாறும் இடைநிலைச் சேவை) இருந்தால் இன்னும் மோசம், பேலன்சர் கண்ணுக்குப் படுவது சிடிஎன்னின் நாலைந்து முகவரிகள்தான். சந்தேகமிருந்தால் என்ஜின்எக்ஸ் லாக் வடிவத்தில் அப்ஸ்ட்ரீம் (பின்னால் நிற்கும் சர்வர்) முகவரியைச் சேர்த்துவிட்டு, ஒரு மணி நேர லாகில் எந்த சர்வர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

லாக்அவுட்டுக்குக் காரணம் வேறு. பிஎச்பி தன் செஷனை (யார் லாக்இன் செய்திருக்கிறார் என்ற குறிப்பை) அந்தந்த சர்வரின் டிஸ்கில் கோப்பாக எழுதுகிறது. அடுத்த கிளிக் வேறு சர்வருக்குப் போனால் அங்கே அந்தக் கோப்பு இருக்காது. செஷனை, மூன்று சர்வருக்கும் பொதுவாக மெமரியில் தரவை வைக்கும் ரெடிஸுக்கு மாற்றுங்கள். ரெடிஸ் எக்ஸ்டென்ஷனை மூன்று சர்வரிலும் நிறுவி, பிஎச்பி ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பில் செஷன் ஹேண்ட்லர், செஷன் பாத் என்ற இரண்டு வரிகளை மாற்றினால் போதும். ரெடிஸின் 6379 போர்ட் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்திருக்கட்டும், பாஸ்வேர்டும் கட்டாயம். கேஷையும் (தற்காலிகப் பிரதிகளையும்) செஷனையும் ஒரே ரெடிஸில் போட்டு, மெமரி நிறைந்தால் எதை வேண்டுமானாலும் அழி என்று விட்டுவைத்தால் பயனர்கள் மறுபடி வெளியே தள்ளப்படுவார்கள். பயனர் ஏற்றும் கோப்புகளும் பொது இடத்துக்குப் போக வேண்டும். கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) ஒரே ஒரு சர்வரில் இருக்கட்டும், இல்லையென்றால் ஒரே மெயில் மூன்று முறை போகும். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் ஐபி ஹாஷை எடுத்துவிட்டு லீஸ்ட் கனெக்‌ஷன் முறையை (இணைப்பு குறைவாக உள்ள சர்வருக்கு அனுப்புவது) போட வேண்டும். வரிசையை மாற்றாதீர்கள்.

ஸ்டிக்கி உண்மையிலேயே தேவைப்படுகிற இடம் ஒன்று உண்டு. தளத்தில் சாக்கெட் ஐஓ என்ற நிரல் தொகுப்பை வைத்து நேரடி அரட்டை ஓடுகிறதென்றால், அது முதலில் லாங் போலிங்கில் (திரும்பத் திரும்பக் கோரிக்கை அனுப்பிச் செய்தி கேட்பது) தொடங்கி, பிறகுதான் வெப்சாக்கெட்டுக்கு (திறந்தே இருக்கும் ஒரே இணைப்பு) மாறும். அந்தத் தொடக்கக் கோரிக்கைகள் எல்லாம் ஒரே சர்வருக்குப் போயாக வேண்டும், இல்லையென்றால் 400 பிழை வரும். அதற்காக முழுத் தளத்தையும் ஒட்டவைக்கக் கூடாது. அரட்டைப் பாதைக்கு மட்டும் தனி அப்ஸ்ட்ரீம் பட்டியல் வைத்து, ஸ்டிக்கியை அங்கே மட்டும் போடுங்கள். லாங் போலிங்கை நிறுத்திவிட்டு வெப்சாக்கெட் மட்டும் வைத்தால் அதுவும் தேவையில்லை. எப்படியிருந்தாலும் ஒரு சர்வரில் இருப்பவரின் செய்தி இன்னொரு சர்வரில் இருப்பவருக்குப் போய்ச்சேர ரெடிஸ் அடாப்டர் வேண்டும். ஸ்டிக்கி அதைச் செய்யாது. அரட்டையே இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

இனி அந்த 502. பதில் வர என்ஜின்எக்ஸ் 60 விநாடி காத்திருக்கும். பிடிஎஃப் அதற்குள் தயாராகவில்லையென்றால் அதைத் தோல்வியாகக் கணக்கு வைத்துக்கொண்டு, அதே கோரிக்கையை அடுத்த சர்வருக்கு அனுப்பும். சான்றிதழ் இணைப்பு சாதாரண கெட் (தகவலைப் பெற மட்டும் கேட்கும்) கோரிக்கைதானே, அதனால் இது நடக்கும். அங்கேயும் பிடிஎஃப் முதலிலிருந்து தொடங்கும். முதல் சர்வரோ யாரும் கேட்காத பிடிஎஃபை இன்னும் செய்துகொண்டிருக்கும். போதாததற்கு, மாற்றாமல் விட்டால் ஒரே ஒரு தோல்விக்கே அந்த சர்வரை 10 விநாடி ஒதுக்கிவைக்கும். நாலு பேர் ஒன்றாகச் சான்றிதழ் கேட்டால் மூன்று சர்வரும் ஒரே நேரத்தில் ஒதுக்கப்பட்டு, யாருக்கும் எதுவும் கிடைக்காமல் 502 வரும். எரர் லாகில் ‘நோ லைவ் அப்ஸ்ட்ரீம்ஸ்’ (உயிரோடு சர்வர் எதுவும் இல்லை) என்று இருக்கிறதா பாருங்கள்.

டைம்அவுட்டை 300 ஆக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒவ்வொரு பிஎச்பி வொர்க்கரும் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் புரோசெஸ்) இன்னும் அதிக நேரம் மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். பிடிஎஃப் வேலையை க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) போட்டு, மூன்றாவது சர்வரில் தனி வொர்க்கர் ஓடவிடுங்கள். நாலு கோர் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு பிடிஎஃப் போதும். பயனருக்கு ‘தயாராகிறது’ என்று உடனே பதில் போகட்டும். பேலன்சரில் எடையை 3, 3, 1 என்று வைத்தால் மூன்றாவதுக்குப் பக்கக் கோரிக்கைகள் குறைவாகப் போகும்.

சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று தானாகப் போய் விசாரிக்கும் வசதியை என்ஜின்எக்ஸ் கட்டணப் பதிப்பில் பூட்டிவைத்திருக்கிறது. இவ்வளவு அடிப்படையான விஷயத்துக்குக் காசு! ஹெச்ஏபிராக்ஸி என்ற இன்னொரு லோட் பேலன்சரில் அது இலவசம்: அமைப்பை மாற்றாவிட்டால் 2 விநாடிக்கு ஒருமுறை பார்க்கும், மூன்று முறை தவறினால் சர்வரை விலக்கும், இரண்டு முறை சரியானால் திரும்பச் சேர்க்கும். இப்படி விசாரிக்கப்படும் சோதனைப் பக்கம் டேட்டாபேஸைத் தொட வேண்டாம். டேட்டாபேஸ் சில நொடி தடுமாறினால் மூன்று சர்வரும் சேர்ந்து விலகிவிடும்.

நான்காவது சர்வர் டேட்டாபேஸையும் நெருக்கும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் தானாக அனுமதிப்பது 151 இணைப்புகள். சர்வருக்கு 60 பிஎச்பி வொர்க்கர், ஒவ்வொன்றுக்கும் ஓர் இணைப்பு என்றால் மூன்றுக்கே 180. வொர்க்கரை 45 ஆகக் குறைத்தால் 135, அடங்கும்.

ஹோஸ்டிங்காரரிடம் ஒன்றை எழுத்தில் கேளுங்கள்: இந்த மூன்றும் தனித்தனி இயந்திரங்களா, ஒரே இயந்திரத்தில் வெட்டிய மூன்று விபிஎஸ்ஸா (மெய்நிகர் சர்வர்களா)? ‘கிளஸ்டர்’ என்று விற்பதில் பாதிப் பித்தலாட்டம் இங்கேதான் இருக்கிறது. ஒரே பெட்டியின் சிபியுவை மூன்றாகக் கூறுபோட்டு மூன்று பில் போடுவார்கள். பெட்டி விழுந்தால் மூன்றும் விழும். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மாற்றம் முடிந்ததும் கூட்டம் குறைந்த நேரத்தில் சோதியுங்கள். என்ஜின்எக்ஸ் அமைப்பில் முதல் சர்வரின் வரியில் டவுன் என்று சேர்த்து, என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்யாமல் ரீலோட் செய்யுங்கள். நடந்துகொண்டிருக்கும் கோரிக்கைகள் அறுபடாது. லாக்இன் செய்து வைத்த பிரவுசரில் நாலு பக்கம் புரட்டிப் பாருங்கள். வெளியே தள்ளினால் செஷன் இன்னும் டிஸ்கில்தான் இருக்கிறது. சில லினக்ஸ் பதிப்புகளில் எஃப்பிஎம் (பிஎச்பியை ஓட்டும் சேவை) பூல் கோப்புக்குள்ளேயே செஷனை டிஸ்கில் எழுதச் சொல்லும் வரி இருக்கும். நீங்கள் பிஎச்பி ஐஎன்ஐயில் என்ன மாற்றினாலும் அதுதான் செல்லும். மூன்று சர்வரிலும் அந்த வரியை நீக்கிவிட்டு எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.