தோட்டத்துக்கு வரும் மான்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கே: ஒரே ராத்திரியில் ரோஜா மொட்டெல்லாம் காணோம். முயலா, மானா?

ப: கடிபட்ட நுனியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பற்களுக்கும் மேலே உள்ள கெட்டி ஈறுக்கும் நடுவில் தண்டைக் கவ்விப் பிய்க்கும். அதனால் நுனி நார் நாராகத் தொங்கும். முயல் கடித்த தண்டு கத்தியால் சாய்வாக நறுக்கியது போல் இருக்கும்.

கே: மான் தொடாத செடி எது?

ப: பசி முற்றினால் எதையும் கடித்துப் பார்க்கும். புதினா, ரோஸ்மேரி போல வாசனை தூக்கலானவை, பால் வடிபவை, சொரசொர இலை உள்ளவை ஆகியவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கும். ரோஜாவும் அவரையும் வேலிக்குள் இருக்கட்டும்.

கே: வேலி எவ்வளவு உயரம் வேண்டும்?

ப: வெள்ளைவால் மான் போல நன்றாகத் தாவும் இனங்களுக்கு 8 அடி. அடியில் சந்து விடாதீர்கள். தாண்டத் தெரிந்த மான்கூட முதலில் நுழையத்தான் பார்க்கும். மேலே கூர்முனை வைத்த கம்பி வேலி வேண்டவே வேண்டாம், தாவும்போது வயிற்றில் குத்திவிடும். தளர்ந்து தொங்கும் வலையும் கூடாது, கொம்பு சிக்கிக்கொள்ளும்.

கே: புல்லில் குட்டி தனியாகப் படுத்திருக்கிறது. தாயைக் காணோம். எடுத்துப் பால் கொடுக்கட்டுமா?

ப: தொடாதீர்கள். தாய் அதை விட்டுவிட்டுப் போகவில்லை, ஒளித்து வைத்திருக்கிறது. பிறந்த குட்டியிடம் வாடை மிகக் குறைவு. தாய் கூடவே நின்றால் அதன் வாடை வேட்டை விலங்கைக் கூட்டி வந்துவிடும். அதனால் தள்ளி நின்று மேய்ந்துவிட்டு, பால் கொடுக்க மட்டும் வந்து போகும். நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறவரை வராது. நாயைக் கட்டிப்போட்டுவிட்டு உள்ளே போங்கள். தாய் செத்துக் கிடந்தாலோ, குட்டி காயத்தோடு இருந்தாலோ, ஓயாமல் கத்திக்கொண்டு அலைந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கே: எங்கள் வீட்டிலும் ஒரு குட்டி, ரெண்டு மணி நேரமாக அசையாமல்...

ப: மேலே சொன்னதுதான். தொடாதீர்கள்.

கே: மான்கள் மெலிந்து வருகின்றன. சோளமும் ரொட்டியும் வைக்கிறோம். நல்லதுதானே?

ப: இல்லை. மான் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பையின் முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் தீனியைச் செரித்துக் கொடுக்கின்றன. இலையும் சுள்ளியும் தின்ற மானுக்குள் அதற்கேற்ற நுண்ணுயிர்கள்தான் இருக்கும். அவை வேறு தீனிக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். திடீரென்று ஒரு வாளி சோளம் உள்ளே போனால் மாவுச்சத்து மளமளவென்று புளித்து அமிலமாகும். நுண்ணுயிர்கள் சாகும், ரத்தமும் கெடும், ஓரிரு நாளில் மானே செத்துப்போகலாம். இரைப்பை நிறையச் சோளத்தோடு சாகும்.

கே: நான் வருஷக்கணக்காகப் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. வாயில்லா ஜீவனுக்குப் போடாதே என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

ப: அவை சாகக் கூடாது என்றுதான் சொல்கிறேன். உங்கள் கண்ணில் படுபவை திரும்பி வருகிற மான்கள் மட்டும்தான். புதருக்குள் போய் விழுந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இன்னொன்று, ஒரே இடத்தில் பல மான்கள் வாய் வைத்தால் நோய் பரவும். சி.டபிள்யூ.டி. என்ற மெலிவு நோய் 1967-ல் அமெரிக்காவின் கொலராடோவில், அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் தென்பட்டது. 2016-ல் நார்வேயின் காட்டு ரெய்ன்டீர் மான்களிலும் கண்டுபிடித்தார்கள். எச்சிலிலும் சாணத்திலும் பரவும், மருந்து கிடையாது.

கே: (அவரே) கையளவு கொடுத்தால்கூடவா?

ப: கையளவிலேயே மனிதரிடம் பயம் போய்விடும். அப்படிப் பழகிய ஆண்குட்டி வளர்ந்து, இணை சேரும் பருவத்தில் உங்களையே போட்டி மானாக நினைத்துக் கொம்பால் முட்டும். அப்புறம் அதைச் சுட்டுக் கொல்லும்படி ஆகும். உதவி செய்யத்தான் வேண்டுமென்றால் அந்த மண்ணுக்குரிய புதர்களைத் தோட்டத்து ஓரத்தில் வளர விடுங்கள். தானாக மேயட்டும்.

கே: அரிசி, கேரட் போடலாமா?

ப: வேண்டாம். சோளத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே: குட்டியைத் தெரியாமல் தூக்கிவிட்டேன். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காதாமே?

ப: சேர்த்துக்கொள்ளும், அது கட்டுக்கதை. எடுத்த இடத்திலேயே இப்போதே கொண்டுபோய் வைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

கே: காம்பவுண்டுக்குள் மான் மாட்டிக்கொண்டது. நாலு பேராகச் சேர்ந்து பிடிக்கலாமா?

ப: கூடவே கூடாது. விரட்டிப் பிடித்த மான் அப்போது பிழைத்தாலும், அந்த ஓட்டத்திலும் பயத்திலும் தசை சிதைந்து சில மணி நேரத்திலோ சில நாளிலோ செத்துப்போகலாம். கேட்டை அகலத் திறந்து வைத்து, விளக்கை அணைத்து, நாயையும் பிள்ளைகளையும் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். விடிந்தும் வெளியேறவில்லை என்றால் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.