திருவல்லத்துக்கு நாலு முறை போய் வந்த பிறகு ராஜினாமா கடிதம்

கேள்வி: பெங்களூரில் 13 ஆண்டுகளாக மென்பொருள் வேலை. வயது 36, சொந்த ஊர் காட்பாடி. தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32-ஐப் பற்றியும் ஒரே வருடத்தில் எழுதிவிட வேண்டும், ஒரு அறக்கட்டளை தொடங்கிச் சேவை செய்ய வேண்டும் என்று மனசு தவிக்கிறது. அடுத்த மாதமே வேலையை விட நினைக்கிறேன். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 22,000. இரண்டு பிள்ளைகள். வீட்டுக்கடன் தவணை 31,000. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இந்த நிறுவனத்தில் 4 ஆண்டு 5 மாதம் ஆகிறது. அவசரப்படுகிறேனா?
- வாசகர், காட்பாடி

பதில்:

ஆசையில் குறை இல்லை, தேதியில்தான் குறை. ஒரே நிறுவனத்தில் 5 ஆண்டு முடித்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வருடக் கணக்கால் பெருக்க வேண்டும். அடிப்படை 60,000 என்றால் ஏறக்குறைய 1,73,000 ரூபாய். ஏழு மாதப் பொறுமைக்கு அது வரும். நோட்டீஸ் காலம் 90 நாள் என்றால் ஐந்து மாதம் கழித்துக் கடிதம் கொடுங்கள், ஒரு மாதம் கூடுதலாகவே கையில் இருக்கும்.

வருங்கால வைப்பு நிதியை எடுத்துவிடாதீர்கள். வேலையை விட்ட பிறகும் அதற்கு வட்டி வரும். ஆனால் அந்த வட்டிக்கு வரி உண்டு. பாஸ்புக்கில் ஓய்வூதியப் பங்கு என்ற கட்டத்தையும் பாருங்கள். அதில் 10 ஆண்டு நிறைந்திருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்கும்.

பலர் சறுக்குவது மருத்துவக் காப்பீட்டில். கம்பெனி பாலிசி கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புதிதாக எடுக்கும் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கிறார்கள். அம்மாவுக்குத் தனி பாலிசியை இந்த மாதமே எடுங்கள். நீங்கள் சம்பளத்தில் இருக்கும்போதே அந்த மாதங்கள் ஓடட்டும். சர்க்கரை நோயை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், கடைசியில் பணம் மறுக்கப்படுவது அதனால்தான். உங்கள் பெயரில் டேர்ம் பாலிசி (ஆயுள் காப்பீடு) இல்லையென்றால் அதையும் இப்போதே எடுத்துவிடுங்கள். சம்பளச் சான்று இருக்கும்போது எளிது.

வீட்டுச் செலவு 55,000 என்று வைத்துக்கொள்வோம். தவணையைக் கூட்டி, மனைவி சம்பளத்தைக் கழித்தால் மாதம் 64,000 குறைகிறது. 18 மாதத்துக்கு 11,52,000 ரூபாய். இந்தத் தொகை வங்கியில் தனியாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகும் தொழிலை முழுதாகக் கைவிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வாரம் இரண்டு மூன்று நாள் ஒப்பந்த வேலை வைத்துக்கொள்ளுங்கள். ஆன்மிகக் கட்டுரைக்கு வரும் சன்மானத்தில் குடும்பம் நடத்த முடியாது. நடத்தியே தீர வேண்டும் என்று வந்துவிட்டால் எழுத்து வளையத் தொடங்கும். இல்லாத அற்புதங்கள் சேரும், பரிகாரப் பட்டியல் சேரும், உபயதாரரின் புகழ் சேரும். அடுப்பு எரிய வேறு வழி இருந்தால், தெரியாததைத் தெரியாது என்று எழுத முடியும்.

32 தலம் வேண்டாம், ஒன்றை எடுங்கள். காட்பாடிக்குப் பக்கத்திலேயே திருவல்லம் இருக்கிறது. ரயிலிலேயே போகலாம். சம்பந்தர் பாடிய தலம். நான்கு முறை போங்கள்: ஒரு காலை பூஜை, ஒரு பிரதோஷம், ஒரு திருவிழா நாள், யாருமில்லாத ஒரு சாதாரண நாள். பதிகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே வாய்விட்டுப் படியுங்கள்.

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: தலபுராணம், கல்வெட்டு, ஊரார் சொன்னது. அங்கே நந்தி, மூலவரைப் பார்க்காமல் மூலவர் பார்க்கும் திசையையே பார்த்திருக்கிறது. கஞ்சன் என்ற அசுரன் கதையைத் தலபுராணம் அதற்குக் காரணமாகச் சொல்கிறது. அது முதல் பத்தி. கல்வெட்டுகளில் இந்த ஊர் தீக்காலிவல்லம். வாணர் என்ற அரச மரபினரின் ஊர் என்பதால் வாணபுரம் என்றும் பெயர். அது இரண்டாம் பத்தி. புதிதாக எழுதுகிறவர்கள் இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து, ‘2000 ஆண்டுப் பழமையான’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ‘தலபுராணம் சொல்கிறது’ என்ற இரண்டு சொல் பக்தியைக் குறைத்துவிடாது. படிப்பவரின் நம்பிக்கையைக் காப்பாற்றும்.

கல்வெட்டுக்கு மத்தியத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் இருக்கின்றன. முதல் தொகுதியில் விரிஞ்சிபுரம் கோயிலின் 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் படியுங்கள். பெண்ணுக்காகப் பொன் கொடுப்பதும் வாங்குவதும் இனிக் கூடாது, மீறினால் அரச தண்டனை, சாதி விலக்கு என்று படைவீட்டு ராஜ்ஜியத்து அந்தணர்கள் எழுதிக்கொண்ட உடன்படிக்கை அது. கோயில் சுவரில் ஊரின் வாழ்க்கை இப்படி உட்கார்ந்திருக்கிறது. கோயிலையும் சமூகத்தையும் சேர்த்து எழுத ஆசைப்படும் உங்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமைவது கடினம்.

முதல் கட்டுரை 700 சொல் போதும். பாடல் ஒன்றோ இரண்டோ, பதம் பிரித்து. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால் ர-ற, ல-ள-ழ பிழைகளும் கூடவே வரும், அச்சிட்ட பதிப்போடு ஒப்பிடுங்கள். மூலவரைப் படம் எடுக்காதீர்கள். குருக்களிடம் அபிஷேக நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள், நடை சாத்தும் முன் கேளுங்கள். ஆடிக் கிருத்திகைக்கான கட்டுரையைச் சித்திரையிலேயே அனுப்பிவிடுங்கள்.

அறக்கட்டளை இப்போது வேண்டாம். பத்திரப் பதிவு, தணிக்கை, வருமான வரிப் பதிவு என்று உங்கள் நாள் அலுவலகத்திலேயே கழியும். முதல் ஒரு வருடம் கோயிலைச் சுத்தம் செய்யும் ஏதாவது ஒரு உழவாரக் குழுவில் ஆளோடு ஆளாகச் சேருங்கள். செயல் அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் எந்தக் கோயிலிலும் கை வைக்கக் கூடாது. ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கும் வேலூர்க் கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது, அங்கே அவர்கள் அனுமதியும் வேண்டும். கல்லில் அமிலமும் கம்பித் தூரிகையும் படவே கூடாது, எழுத்து போய்விடும். தேங்காய் நார், தண்ணீர் போதும். கோபுரத்து அரசங்கன்றை மேலே வெட்டினால் திரும்பவும் தழைக்கும். வேரை எடுப்பது ஸ்தபதியின் மேற்பார்வையில் நடக்க வேண்டும், இழுத்தால் சுதையும் கூடவே பெயர்ந்து வரும். வேலூர் வெயிலில் சித்திரை, வைகாசி மாதங்களில் காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடியுங்கள், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். நன்கொடை என்று யாராவது உங்கள் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கடப்பாரை, மண் அள்ளும் பாண்டு என்று பொருளாகவே வாங்கித் தரச் சொல்லுங்கள்.

இன்னொரு பணியும் உங்கள் வாசலிலேயே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் குடும்பங்கள் சுற்றுவட்டார லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்குகின்றன. ரத்தம் தேவைப்பட்டால் கொடுக்க அவர்களுக்கு இங்கே உறவினர் யாரும் இல்லை. 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. பெங்களூரில் இருந்த உங்களுக்கு இந்தி கொஞ்சம் வரும் என்றால், மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லவும் ஆட்டோக்காரரிடம் பேசவும் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் போதும். இதற்கு ராஜினாமாவும் வேண்டாம், அறக்கட்டளையும் வேண்டாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போதே தொடங்கலாம்.