வெள்ளைக்கல்லில் ஹைட்ரஜன் குழாய்: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: சேலம் கருப்பூர் பக்கம் சின்னதாக ரிஃப்ராக்டரி செங்கல் சூளை வைத்திருக்கிறேன். நம் ஊர் வெள்ளைக்கல் (மேக்னசைட்), ஏற்காட்டு பாக்சைட் இரண்டையும் வைத்தே ஹைட்ரஜனை மட்டும் பிரிக்கும் பீங்கான் குழாய் செய்யலாம், ஃபார்முலாவும் மானியமும் என் பொறுப்பு என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். குழாய்க்குள் கலப்பு வாயுவை விட்டு, வெளியே ஹைட்ரஜன் வருவதை மீட்டரில் காட்டினார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வெள்ளைக்கல்லைச் சுட்டால் மெக்னீசியா, பாக்சைட்டைச் சுத்திகரித்தால் அலுமினா. இரண்டும் ஹைட்ரஜனைத் தமக்குள் கடத்துபவை அல்ல. கடத்துபவை பேரியம் சிர்கோனேட், பேரியம் சீரேட் போன்ற பீங்கான்கள், அதுவும் இட்ரியம் என்ற உலோகத்தைக் கொஞ்சம் சேர்த்தால். ஜப்பானில் இவாஹாரா என்ற ஆய்வாளரின் குழு 1981-லேயே ஸ்ட்ரான்சியம் சீரேட்டில் இதைக் காட்டிவிட்டது. இவற்றில் ஓட்டையே இருக்காது. ஹைட்ரஜன் புரோட்டானும் எலெக்ட்ரானுமாகப் பிரிந்து, கெட்டிச் சுவருக்குள் நகர்ந்து, மறுபக்கம் திரும்ப வாயுவாகச் சேரும். அதற்கு 600 முதல் 900 டிகிரி சூடு வேண்டும். அவர் காட்டியபோது குழாய் சூடாக இருந்ததா?

மீட்டரைப் பார்த்து ஏமாறுவதுதான் இந்தத் துறையில் பெரிய பள்ளம். நுண்ணிய ஓட்டைகள் உள்ள எந்தப் பீங்கானிலும் ஹைட்ரஜன் நைட்ரஜனைவிடச் சுமார் 3.7 மடங்கு வேகமாகக் கசியும். வெளியே ஹைட்ரஜன் கூடுதலாகத் தெரியத்தான் செய்யும். ஹீலியம் சிலிண்டர் ஒன்றை நீங்களே வாங்கி, அதே குழாயில் விடச் சொல்லுங்கள். ஹீலியம் புரோட்டானாக மாறாது; சுவரிலோ மூட்டிலோ ஓட்டை இருந்தால் மட்டுமே வெளியே வரும். ஏஜெண்ட் அன்றைக்கே ஊரில் இருக்க மாட்டார்.

வெள்ளைக்கல்லுக்கு இதில் வேலையே இல்லையா என்றால், ஓர் இடத்தில் உண்டு. பேரியம் சிர்கோனேட் தூள் கெட்டிப்பட 1600 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அலுமினாத் தட்டில் வைத்துச் சுட்டால் தட்டு பேரியத்தை இழுத்துக்கொள்ளும். மெக்னீசியாத் தட்டு அந்தத் தொல்லை தராது. ஆனால் நம் ஊர்க் கல்லில் சிலிக்கா கலந்திருக்கிறது, சிலிக்காவும் பேரியத்தைப் பிடிக்கும். சிலிக்காவைக் குறைத்துத் தட்டு, கிண்ணம் செய்து கொடுத்தால் அதுவே உங்கள் சூளைக்குப் பொருத்தமான வியாபாரம். அலுமினாவும் மெக்னீசியாவும், ஹைட்ரஜனைக் கடத்தும் பீங்கானால் ஆன மெல்லிய சவ்வைத் தாங்கும் நுண்துளைக் குழாயாகலாம்தான், ஆனால் பிரிக்கும் வேலை சவ்வுடையது, தாங்கியுடையது அல்ல. அவர் சவ்வையும் தாங்கியையும் ஒன்றாக்கி விற்கிறார்.

சரி, மானியம். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய். அதில் ஆராய்ச்சிக்கு 400 கோடி. ஒரு சூளைக்காரர் தன் குழாயைச் சோதிக்க யாரிடம் போக வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? ஒட்டுவதில்லை, அதனால்தான் "மேலிடத்தில் ஆள் இருக்கு" என்பவர்கள் பிழைக்கிறார்கள். கொல்கத்தாவில் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. நேராக அங்கே எழுதிக் கேளுங்கள், நடுவில் ஆள் வேண்டாம்.

அப்புறம், அவர் காட்டிய அந்த மீட்டர் சோதனையை மறுபடி உங்கள் சூளைக் கொட்டகையில் நடத்த விடாதீர்கள். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஹைட்ரஜன் தீப்பிடிக்கும்.